ஊசி அங்கே, தத்துவம் இங்கே: அக்குபங்சரும் ஆங்கில மருத்துவமும்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பும் தோட்டத்து ஜீப்புகளில் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பொழுதுக்கும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்குவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுத்தாக வேண்டும். பத்து வருஷம் இந்த வேலை பார்த்த ஒருவரிடம் போய் "குறுக்கு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "அத ஏன் கேக்குற" என்றுதான் பதில் வரும்.

இந்த இடுப்பு வலிக்கு இங்கே மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி ஒன்று. ராத்திரி தூக்கம் வரும், மறுநாள் ஜீப்பில் ஏறலாம். வாரத்துக்கு ஒன்று என்று வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டால் வயிறும் கிட்னியும் கணக்குத் தீர்க்கும். இரண்டாவது, மலையாள வைத்தியம். தேக்கடி பார்க்க வருகிறவர்களை நம்பிக் குமுளியில் வரிசையாக இருக்கும் உழிச்சல் நிலையங்கள் தோட்டக்கூலிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தன்வந்தரம் குழம்பு என்ற தைலம் ஒரு பாட்டில் வாங்கி வந்து வீட்டில் சூடுபண்ணித் தேய்ப்பார்கள். மூன்றாவது, அக்குபங்சர்: உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசி குத்தும் சீன வைத்தியம். கம்பம் பக்கம் இதற்குச் சிகிச்சை மையமும் உண்டு, பயிற்சி வகுப்பும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் இறங்கி வருகிறார்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? முதலில் நாடி பார்ப்பார்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து, அவசரமில்லாமல். அப்புறம் கேள்விகள்: பசி எப்படி, தூக்கம் எப்படி, புளிப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா, அடிக்கடி கோபம் வருமா, பயம் வருமா. கடைசியில் கையிலோ காலிலோ ஒரே ஒரு புள்ளியில் விரல்நுனியை வைத்துச் சிறிது நேரம் தொட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் ஊசியே கிடையாது. மருந்தும் கிடையாது. "பசிச்சா சாப்பிடுங்க, தாகம் எடுத்தா குடிங்க, பத்து மணிக்குப் படுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள்.

ஜெர்மனியில் முதுகு வலிக்கு அக்குபங்சர் எடுத்துக்கொள்ளும் ஒருவரை இந்த அறைக்குள் கூட்டிவந்தால் ஒன்றும் புரியாமல் விழிப்பார். அங்கே எம்.பி.பி.எஸ். மாதிரி முறையான மருத்துவப் படிப்பு முடித்தவர், பத்துப் பதினைந்து ஊசிகளை முதுகிலும் காலிலும் குத்தி அரை மணி நேரம் படுக்க வைத்திருப்பார். அந்தப் புள்ளிகளை இணைக்கும் பாதைகளில் ஓடுவதாகச் சொல்லப்படும் 'சக்தி ஓட்டம்' பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டுக்கும் பெயர் அக்குபங்சர். மேற்கு ஊசியை எடுத்துக்கொண்டு தத்துவத்தைக் கழற்றி வைத்தது. நம்மூர் தத்துவத்தை எடுத்துக்கொண்டு ஊசியைக் கழற்றி வைத்தது. "அக்குபங்சர் வேலை செய்யுமா செய்யாதா?" என்று மொட்டையாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். எது, எதற்கு என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு பழசு?

ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று நோட்டீஸ்களில் போட்டிருக்கும். அவ்வளவு பின்னால் போக ஆதாரம் இல்லை. சீனாவில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மவாங்துய் என்ற இடத்தில் 1973இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. உடம்பில் ஓடும் 11 பாதைகளை அவை விவரிக்கின்றன. மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதைச் சொல்கின்றன. ஊசி குத்துவது பற்றி அவற்றில் பேச்சே இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்துத் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' என்ற பெருநூலில்தான் ஊசி முழுசாக வருகிறது. அதிலும் ஒன்பது வகை ஊசி. கட்டியைக் கீறுவதற்கு ஒன்று, ரத்தம் எடுக்க ஒன்று என்று சில ஊசிகள் சின்னக் கத்தி போலவே இருந்தன.

தமிழர்களிடம் இன்னொரு கதை பலமாக இருக்கிறது. காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் நம் வர்மக்கலையைச் சீனாவுக்குக் கொண்டுபோனார், அதுதான் அக்குபங்சர் ஆயிற்று என்று. கன்னியாகுமரி ஆசான்களின் 108 வர்மங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். அங்கேயும் புள்ளிகள், இங்கேயும் புள்ளிகள். ஆனால் போதிதர்மர் காலம் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு. மவாங்துய் கல்லறை அதற்கு அறுநூறு ஆண்டு முன்னாலேயே மூடியாகிவிட்டது. வர்மத்துக்கு இந்தக் கடன் சான்றிதழ் தேவையுமில்லை. அது தன் காலிலேயே நிற்கும்.

சீனாவிலேயே அக்குபங்சருக்கு எப்போதும் ராஜமரியாதை இருந்ததில்லை. 1822இல் தாவோகுவாங் பேரரசர், அரசனின் உடம்பில் குத்துவதும் சுடுவதும் தகாது என்று சொல்லி அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அதை நீக்கினார். 1929இல் சீன வைத்தியம் மொத்தத்தையுமே ஒழித்துவிடலாம் என்று குடியரசு அரசின் மருத்துவக் குழு தீர்மானம் போட்டது. நாட்டு வைத்தியர்கள் திரண்டு போராடி அதைத் தடுத்தார்கள். அதே காலத்தில் செங் தானான் என்ற மருத்துவர் மேற்கத்திய உடற்கூற்றியலைப் படித்து, ரத்தக்குழாய்க்கு மேல் இருந்த பழைய புள்ளிகளை நகர்த்தி வைத்தார். தடித்த ஊசிகளை விட்டு மெல்லிய ஊசிக்கு மாறச் சொன்னார். இன்று நாம் பார்க்கும் மயிரிழை ஊசியும் பாதுகாப்பான புள்ளிகளும் அவர் தந்த வடிவத்துக்குப் பெரிதும் கடன்பட்டவை. அதாவது, இன்றைய 'பாரம்பரிய' அக்குபங்சருக்குள்ளேயே மேற்கத்திய மருத்துவம் புகுந்து நூறு வருஷம் ஆகப்போகிறது.

பிறகு மாவோ. புரட்சி முடிந்தபோது மேற்கத்திய மருத்துவம் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி. மக்கள்தொகையோ ஐம்பது கோடிக்கு மேல். நாட்டு வைத்தியர்களை அரசாங்கம் அரவணைத்ததற்கு அதுதான் காரணம். கல்லூரிகள் திறந்து, பாடத்திட்டம் போட்டு, முரண்பட்ட பழைய பள்ளிகளையெல்லாம் ஒரே முறையாகக் கோத்தார்கள். மாவோவே சீன மருந்து சாப்பிடுவதில்லை என்று அவருடைய சொந்த மருத்துவர் பின்னாளில் எழுதினார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சீன மருத்துவமனைகளில் ஸ்கேனும் அக்குபங்சரும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் ஊசியும் போட்டுக்கொள்வார்.

மேற்குக்குப் போன கதை

அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போன பிறகுதான் மேற்குக்கு இது தெரியும் என்பது பாதி உண்மை. டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைன் ஜப்பானில் பார்த்ததை 1683இலேயே லண்டனில் புத்தகமாகப் போட்டுவிட்டார். அக்குபங்சர் என்ற லத்தீன் பெயரே அவர் வைத்ததுதான். நவீன மருத்துவத்தின் தந்தைகளில் ஒருவராகச் சொல்லப்படும் வில்லியம் ஆஸ்லர், 1892இல் எழுதிய பாடநூலில் இடுப்புப் பிடிப்புக்கு ஊசி குத்தச் சொல்கிறார். ஊசி இல்லாவிட்டால் தொப்பியில் செருகும் பின் போதும் என்கிறார். சக்தி, பாதை எதுவும் அவர் பேசவில்லை. மேற்கு தத்துவத்தைக் கழற்றும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

பெரிய அலை 1971இல் வந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அழற்சி. அங்கேயே ஆபரேஷன். ஊசி குத்தியே மயக்கமில்லாமல் அறுத்தார்கள் என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள், எழுதுவார்கள். நடந்தது அதுவல்ல. வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் அறுத்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி வயிறு பொருமி அவஸ்தைப்பட்டபோது, வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று ஊசி குத்தினார்கள். வயிற்றுக்கு மேல் மூலிகைப் புகை காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் பொருமல் இறங்கியது என்று அவர் எழுதினார். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாயு இரண்டு மூன்று நாளில் தானாகவும் இறங்கும் என்பதை எந்த நர்ஸும் சொல்வார். ஆனால் அந்த ஒரு கட்டுரையும் அடுத்த ஆண்டு நிக்சனின் பயணமும் சேர்ந்து அமெரிக்காவில் அக்குபங்சர் மோகத்தைக் கிளப்பிவிட்டன.

மோகத்தோடு ஆராய்ச்சியும் வந்தது. உடம்பு தானாகச் சுரக்கும் வலிநிவாரணிகளான எண்டார்ஃபின் வகைப் பொருட்களை 1975இல் கண்டுபிடித்திருந்தார்கள். அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசி தரும் வலிநிவாரணமும் குறைகிறது என்று 1977இல் வந்த ஆய்வு காட்டியது. ஆக, ஊசி குத்தினால் மூளையிலும் முதுகுத்தண்டிலும் உண்மையாகவே ஏதோ நடக்கிறது. அக்குபங்சர்காரர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். கொஞ்சம் யோசித்தால் இது இருபுறமும் வெட்டும். எண்டார்ஃபின்தான் காரணம் என்றால் சக்திப் பாதை எதற்கு? உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளின் இடங்களைத் தரப்படுத்தி 2008இல் வெளியிட்டது. ஆனால் அந்தப் புள்ளிகளை இணைக்கும் பாதை என்று ஒன்றை எந்த உடற்கூற்றியல் மேசையிலும் யாரும் காட்டியதில்லை.

ஒப்புக்கு ஊசி

ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு மாத்திரை செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஊசிக்கு என்ன செய்வது? குத்தினால் தெரிந்துவிடுமே! ஆராய்ச்சியாளர்கள் இரண்டு உபாயம் கண்டுபிடித்தார்கள். தப்பான இடத்தில், ஆழமில்லாமல் ஒப்புக்குக் குத்துவது ஒன்று. குத்தும்போது பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் நாடகக் கத்தி மாதிரியான ஊசி இன்னொன்று.

இதில் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்றை ஜெர்மனியில் நடத்தினார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். சராசரியாக எட்டு வருஷ வலி. மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளியில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி இல்லாத இடத்தில் ஒப்புக்கு ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள்: சரியான ஊசியில் 47.6 சதவீதம், ஒப்புக்கு ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். முடிவு 2007இல் வெளிவந்தது.

இந்த மூன்று எண்ணையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அக்குபங்சர்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பக்கத்தில் வைத்து "பார்த்தீர்களா, ஆங்கில மருத்துவத்தைவிட நாங்கள் மேல்" என்பார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை வைத்து "பார்த்தீர்களா, எங்கே குத்தினாலும் ஒன்றுதான், எல்லாம் பிளாசிபோ, வெறும் நம்பிக்கையால் வரும் குணம்" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வருவது இது: ஊசிச் சடங்குக்குப் பலன் உண்டு, புள்ளியின் வரைபடத்துக்கு அந்தப் பலனில் பங்கு ரொம்பக் கொஞ்சம். மூன்றாவது பிரிவுக்காரர்கள் ஏன் அவ்வளவு பின்தங்கினார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். எட்டு வருஷம் கேட்காத வைத்தியமே மறுபடி வந்தால், பழைய குருடி கதவைத் திறடி என்றுதானே இருக்கும்? எதிர்பார்ப்பே செத்துப் போயிருக்கும்.

ஜெர்மனி இதைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் காப்பீட்டில் அக்குபங்சரைச் சேர்த்தது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2009இல் இடுப்பு வலிக்குப் பரிந்துரைத்து, 2016இல் வாபஸ் வாங்கி, 2021இல் வேறொரு வகை நாள்பட்ட வலிக்கு மறுபடி பரிந்துரைத்தது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020இல் இடுப்பு வலிக்கு மட்டும் 90 நாளில் 12 முறை வரை காசு தர ஒத்துக்கொண்டது. அபின் வகை வலி மாத்திரைகளால் அங்கே லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்ததும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த நெருக்கடி. ஒரே ஆதாரத்தைப் பார்த்து மூன்று நாடுகள் மூன்று விதமாக நடந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. சரியான ஊசிக்கும் ஒப்புக்கு ஊசிக்கும் இடையே சின்ன இடைவெளிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தச் சின்ன இடைவெளிக்கு அரசாங்கம் காசு தரலாமா என்பதில்தான் சண்டை.

வேறு எதற்கெல்லாம் பலன் உண்டு? அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி, முழங்கால் தேய்மானம், ஆபரேஷனுக்குப் பிறகும் கீமோதெரபிக்குப் பிறகும் வரும் குமட்டல். இந்தக் குமட்டலுக்கான புள்ளி மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாருக்கும் நடுவே இருக்கிறது. குமுளி மலைப்பாதை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர்கள் அங்கே அழுத்திப் பார்க்கலாம். பஸ் குமட்டலுக்குக் கேட்கும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது, கெடுதல் ஒன்றுமில்லை. போர்டுகளில் பெரிய எழுத்தில் இருக்கும் குழந்தையின்மைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்ட 848 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 18.3 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. ஒப்புக்கு ஊசியில் 17.8 சதவீதம். வித்தியாசமே இல்லை.

"எனக்குக் குணமாச்சே!" என்கிறவர்களிடம் இந்த எண்களைக் காட்டினால் கோபம் வரும். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில் சூடுபிடித்துத் தை வரைக்கும் ஓடும். தையில் குறுக்கு வலி உச்சத்தில் நிற்கும். அப்போதுதான் ஆள் வைத்தியரைத் தேடிப் போவார். மாசி, பங்குனியில் எடுப்பு ஓய்ந்துவிடும், இடுப்பும் ஆறிவிடும். ஆறியதற்கான பேர், கடைசியாக யாரிடம் போனாரோ அவருக்குப் போய்ச் சேரும். டைக்ளோ ஊசிக்கும் இதே கணக்குதான், குழம்புக்கும் இதே கணக்குதான்.

டாக்டருக்கு ஏன் நேரமில்லை?

ஆங்கில மருத்துவம் இந்த இடத்தில் மார்தட்டிக்கொள்ள முடியாது. புதிதாகப் பிடித்த சாதாரண இடுப்பு வலிக்கு பாரசிட்டமால் வெறும் மாவு மாத்திரையைவிட மேல் இல்லை என்று 2014இல் பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. அதைவிட நாறிய கதை முழங்கால் ஆபரேஷன். தேய்ந்த மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் ஆபரேஷன் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. ஹூஸ்டனில் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் 180 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு உண்மையான ஆபரேஷன், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போடும் ஒப்புக்கு ஆபரேஷன் செய்தார். இரண்டு வருஷம் பார்த்ததில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. 2002இல் இது வெளிவந்தது. ஆக, சடங்கால் வலி குறைவது ஊசிக்கு மட்டும் உள்ள குணமில்லை, கத்திக்கும் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது: அந்த ஆபரேஷனைச் சோதித்துக் குட்டை உடைத்ததும் அதே துறைக்காரர்தான், அப்புறம் வழிகாட்டிகள் அதற்கு எதிராகத் திரும்பின.

டெட் கப்சக் என்ற ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர், தானே சீன வைத்தியம் படித்தவர். 2008இல் வெளியான அவருடைய ஆய்வில், குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சிகிச்சையே இல்லை, காத்திருப்பு மட்டும். இரண்டாவது கூட்டத்துக்குப் பேச்சில்லாமல் ஒப்புக்கு ஊசி. மூன்றாவது கூட்டத்துக்கு அதே ஒப்புக்கு ஊசி, ஆனால் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கேட்டு, ஆறுதலாகப் பேசினார்கள். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் கண்டவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம்.

கம்பத்து ஊசியில்லா அக்குபங்சர் அறையில் நடப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் நின்று, இரண்டு நிமிஷம் டாக்டரைப் பார்த்துத் திரும்பிய பெண்ணுக்கு, யாரோ ஒருவர் கையைப் பிடித்து நாடி பார்த்து, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்பதே பாதி வைத்தியம். அந்த இரண்டு நிமிஷ டாக்டரையும் குறை சொல்ல முடியாது. வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்து

வலியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். நம்மூர் அக்குபங்சர் வலியோடு நிற்பதில்லை.

இந்தியாவுக்கு இது வந்ததே மருத்துவர்கள் கையால்தான். ஜப்பான் படையெடுப்பின்போது சீனாவுக்கு உதவ 1938இல் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்தார். அதே குழுவில் போன பிஜய் குமார் பாசு, 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இலும் மகாராஷ்டிரம் 2015இலும் அக்குபங்சருக்குத் தனிச்சட்டம் போட்டன. மத்திய அரசு 2003இல் அதை ஒரு சிகிச்சை முறையாக மட்டும் அனுமதித்து, 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறை என்ற அந்தஸ்தைக் கொடுத்தது.

தமிழில் வளர்ந்த கிளை வேறு திசையில் போனது. சீனர்களின் மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர் என்ற ஐந்தும் இங்கே வந்ததும் நம் பஞ்சபூதமாகிவிட்டன. உலோகம் போய்க் காற்று வந்தது, மரத்துக்கு ஆகாயம் வந்தது. நோய் என்பது கழிவுத் தேக்கம், காய்ச்சல் என்பது கழிவு வெளியேற்றம், மருந்து அந்த வெளியேற்றத்தைத் தடுக்கிறது என்ற சித்தாந்தம் சேர்ந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஓய்வெடு, பசித்துச் சாப்பிடு என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அடுத்த படியில்தான் ஆபத்து. மருந்து கழிவு என்றால் இன்சுலின்? காசநோய் மாத்திரை? வலிப்பு மாத்திரை?

அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகள் 39 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் மாறி மாறி உண்மையான இன்ஹேலர், வெறும் காற்று இன்ஹேலர், ஒப்புக்கு ஊசி, ஒன்றுமே இல்லாமல் என்று நான்கும் கொடுத்துப் பார்த்தார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது உண்மையான இன்ஹேலருக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள், ஒப்புக்கு ஊசிக்கு 46, வெறும் இன்ஹேலருக்கு 45. ஏறத்தாழ ஒன்றே. பிறகு கருவியில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். உண்மையான இன்ஹேலரில் மூச்சின் வேகம் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும், ஒன்றுமே கொடுக்காததையும் சேர்த்து, ஏழு சதவீதத்தை ஒட்டித்தான். நோயாளிக்கு மூச்சு நன்றாக வருவதாகத் தோன்றுகிறது, நுரையீரல் திறக்கவில்லை.

வலிக்கும் மற்ற நோய்களுக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. வலியில், குறைந்ததாகத் தோன்றினாலே குறைந்த மாதிரிதான். தோன்றுவதற்கு அப்பால் வலி என்று ஒன்று இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தோன்றுவதைப் பார்த்து நடப்பதில்லை. மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் உடம்பு லேசாகக்கூட இருக்கும். சிறுவயதிலேயே இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நீரிழிவுக்காரர்கள் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு, வீட்டில் மற்றவர்களுக்கும் அந்தப் பழகிய கிருமியே தொற்றும்.

பிரசவம் வரைக்கும் இது போயிருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஆசிரியை ஒருவர் வீட்டுப் பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி அறிவித்த ஒரு பிரபல 'ஹீலர்' கைதானார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தபோது, கணவரோடு சேர்த்து அக்குபங்சர் பார்த்தவரையும் போலீஸ் கைது செய்தது. ரத்தப்போக்கை நிறுத்த ஒரு புள்ளியும் இல்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் ரத்தமும் வேண்டும், அதுவும் உடனே.

ஊசி குத்தும் அக்குபங்சரில் உள்ள ஆபத்து வேறு வகை, ஒப்பிட்டால் சின்னது. ஊசியின் கனம் கால் மில்லிமீட்டர்தான். ஆஸ்பத்திரி ஊசி அதில் இரண்டு மூன்று மடங்கு. உள்ளே துளையும் இல்லை. தோள்பட்டையிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக நுரையீரல் உறை ஓட்டையாகிவிடும். குத்திய ஊசியையே மறுபடி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். அமெரிக்காவிலேயே 1980களில் அப்படி ஒரு கிளினிக்கிலிருந்து பலருக்குப் பரவியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே குறுக்கு வலியோடு போகிறவருக்குச் சில காரியங்கள். சீல் உடைக்காத ஊசிப் பாக்கெட் கண் முன்னால் உடைகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு முறை போயும் வலி குறையவில்லை என்றால் பத்தாவது முறை போக வேண்டாம். வலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மலைமேல் இருந்தால் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், கீழே இருந்தால் க.விலக்கு. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, காசநோய் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால், எந்த மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால், நிறுத்துமுன் அந்தச் சீட்டோடு மாத்திரை எழுதிய டாக்டரைப் போய்ப் பாருங்கள். தர மறுத்தால் மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.